நூறு நாள் வேலையும் ஊர்க் கூலியும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "நூறு நாள் வேலைத் திட்டம் வந்த பிறகு வயல் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, மக்கள் உழைக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள் என்று எங்கள் பகுதி விவசாயிகள் ஒருமித்துச் சொல்கிறார்கள். விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாட்கள் இந்த வேலையை நிறுத்தி வைக்கும்படி புதிய சட்டம் சொல்கிறது. அதனால் இந்தக் குறை தீர்ந்துவிடாதா?"

வயல் வேலைக்கு ஆள் பற்றாக்குறை இருப்பது உண்மை. அதற்கு இந்தத் திட்டம்தான் முதன்மைக் காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் வேறொன்றைச் செய்தது. பேருந்து ஏறி வெளியூர் வேலைக்குப் போக முடியாத பெண்களுக்கு, உள்ளூரிலேயே "இந்தக் கூலிக்கு வர மாட்டேன்" என்று சொல்லும் தெம்பை ஓரளவு தந்தது. இந்தத் திட்டத்தின் இடத்துக்கென்று 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டத்தின் 60 நாள் நிறுத்தம் கை வைப்பது அந்தத் தெம்பின் மீதுதான். பற்றாக்குறை பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகவே விளக்கம் தேவைப்படுகிறது.

முதலில் கூலிக் கணக்கு. ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2021-22-இல் விவசாயக் கூலிக்குப் போகும் ஓர் ஆணின் சராசரி நாட்கூலி தமிழ்நாட்டில் 445 ரூபாய் 60 காசு. அதே ஆண்டில் நூறு நாள் வேலையின் கூலி இங்கே 273 ரூபாய், அதாவது வயலில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம். கேரளத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: வயலில் 726 ரூபாய் 80 காசு, திட்டத்தில் 291 ரூபாய். மத்தியப் பிரதேசத்துக்குப் போனால் வயலில் 217 ரூபாய் 80 காசு, திட்டத்தில் 193 ரூபாய் என்று இரண்டும் நெருங்கிவிடுகின்றன. குஜராத்தில் 220 ரூபாய் 30 காசுக்கு எதிரே 229 ரூபாய் என்று திட்டக் கூலி வயல் கூலியைத் தாண்டியே நிற்கிறது. சட்டம் ஒன்றுதான், அது இறங்கும் கூலிச் சந்தை இடத்துக்கு இடம் வேறுபடுவதால் விளைவும் வேறுபடுகிறது. 445 ரூபாய்க்கு வேலை இருக்கும்போது அதை உதறிவிட்டு 273 ரூபாய்க்கு ஏரிக்குள் மண் வெட்டப் போகும் ஆண் அரிது. அந்த 273 ரூபாயும் உச்சவரம்புதான். வெட்டிய மண்ணை அளந்து குழுவுக்குப் பிரிக்கும்போது பல வாரங்களில் அதற்கும் கீழேதான் கைக்கு வரும்.

ஆகவே யார் போகிறார்கள் என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் உருவாகும் வேலை நாட்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்களுடையவை. சட்டம் கேட்டது மூன்றில் ஒரு பங்கைத்தான். 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் 20 சதவீதமாக இருக்கும் பட்டியல் சாதியினர், வேலை நாட்களில் கால் பங்குக்கு மேல் பெறுகின்றனர். ஏதேனும் ஒரு பணித்தளத்தில் நின்று பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும்: வந்திருப்பவர்களில் இளம்பெண்கள் குறைவு. திருப்பூரைச் சுற்றிய ஊர்களிலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலும் காலையில் வரும் கம்பெனி வேன்கள் ஏற்றிக்கொண்டு போவது பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பெண்களை. நாற்பதைக் கடந்தவளை, பள்ளிப் படிப்பை முடிக்காதவளை, வீட்டில் மாடும் படுக்கையில் மாமியாரும் இருப்பவளை எந்த வேனும் ஏற்றுவதில்லை. அவளுக்கு எஞ்சியிருப்பவை ஊரில் நாலைந்து பேரின் வயல், சொந்த ஆடு மாடு, நூறு நாள் வேலை ஆகிய மூன்றுதான். நகரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் அந்த நகரத்தின் வேலைச் சந்தை அவளுக்குத் திறந்திருப்பதில்லை. ஒரே ஊரில், ஒரே தெருவில்கூட, வயதும் பாலினமும் சாதியும் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எல்லையைக் கீறி வைத்திருக்கின்றன.

திட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 பிப்ரவரி 2-ஆம் நாள். நாடெங்கும் முதல் கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 200 மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு இருந்தன. இரண்டே ஆண்டுகளில் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அப்போது இங்கே கூலி 80 ரூபாய். இன்று கேட்டால் அற்பமாகத் தெரியும். ஆனால் களையெடுக்கும் பெண்ணுக்குப் பல வறண்ட வட்டங்களில் அதில் பாதியைச் சற்றே தாண்டிய கூலி கொடுக்கப்பட்ட காலம் அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று எழுதி, அதை அரசே கொடுத்துக் காட்டியது அந்த ஊர்களுக்கு முற்றிலும் புதியது. வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது நெடுங்கால வழக்கம். "அவர்கள் செய்யும் வேலை வேறு" என்பது அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம்.

சட்டம் போட்டுக் கூலியை உயர்த்தும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்கள் எரிக்கப்பட்டதன் பின்னணியில் இருந்தது நெல் கூலி உயர்வு கேட்டு எழுந்த போராட்டம். அதன் பிறகு கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டு, 1969-இல் கீழத் தஞ்சைக்கென்று விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. ஆனால் கூலி குறைந்தால் புகார் கொடுக்க வேண்டியவர், அந்தப் பண்ணையாரின் மனையிலேயே குடிசை போட்டு இருந்தவர். குடியிருக்கும் மனையை அவருக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-இல்தான் வந்தது. சட்டத்தில் எழுதிய கூலி நடைமுறைக்கு வருவதற்கு, கொடுக்காதவரிடமிருந்து விலகிப் போக ஓர் இடம் வேண்டும். டெல்டாவில் அந்த இடத்தை வலுவான விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் ஓரளவு உருவாக்கின. சங்கம் இல்லாத வட்டாரங்களில் அதற்கு மாற்றாக ஏதும் இல்லை. நூறு நாள் வேலை அந்த வெற்றிடத்தில்தான் வந்து அமர்ந்தது.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. திட்டம் முதலில் வந்த மாவட்டங்களையும் பின்னால் வந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு இம்பெர்ட், பேப் என்ற இரு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு, வறண்ட மாதங்களில் தனியார் கூலி சுமார் 4.7 சதவீதம் உயர்ந்ததாகக் காட்டியது. உயர்வு திரண்டிருந்தது திட்டத்தை ஒழுங்காக நடத்திய மாநிலங்களில். தமிழ்நாடு அவற்றுள் ஒன்று. மழைக் காலத்தில், அதாவது வயல் வேலை மும்முரமாக இருக்கும் மாதங்களில், கூலியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. காரணம், அந்த மாதங்களில் பொதுப்பணியே ஏற்கெனவே குறைவாகத்தான் நடந்தது. இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 60 நாள் நிறுத்தத்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வேண்டியிருக்கும்.

இதைவிட முக்கியமானது ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் நடந்த பரிசோதனை. கூலி சிந்தாமல் உரியவரைச் சேர்வதற்காகக் கைரேகை பதித்த ஸ்மார்ட் கார்டு முறையை 157 மண்டலங்களில் (நம் ஊராட்சி ஒன்றியம் போன்ற பிரிவுகள்) குலுக்கல் முறையில் வெவ்வேறு காலத்தில் அறிமுகப்படுத்தி, கார்த்திக் முரளிதரனும் வேறு இரு பொருளியலாளர்களும் விளைவை அளந்தனர். திட்டம் சரியாக நடந்த பகுதிகளில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் உயர்ந்தது. அந்த உயர்வில் 86 சதவீதம் திட்டக் கூலியிலிருந்து வரவில்லை. தனியாரிடம் செய்த வேலையிலிருந்து வந்தது. கூலி கூடினால் வேலை குறையும் என்பதுதானே பாடப்புத்தகக் கணக்கு? அங்கே தனியார் வேலையும் சேர்ந்தே கூடியது. குறிப்பாக, நிலம் சிலர் கையில் குவிந்திருந்த ஊர்களில் வேலை கூடியது அதிகமாக இருந்தது. ஊரில் கூலி கொடுப்பவர் இரண்டு மூன்று பேர்தான் என்றால், கூலியை ஏற்றாமல் இருப்பதற்காகத் தேவையைவிடக் குறைவான ஆட்களையே அவர்கள் வைத்துக்கொள்வார்கள். வேறு ஒரு வேலை பக்கத்தில் வந்ததும் கூலியை ஏற்றித்தான் ஆக வேண்டும். ஏற்றியதும், அதுவரை அந்தக் கூலிக்கு வராதிருந்தவர்களும் வேலைக்கு வருகிறார்கள். "திட்டம் ஆட்களை உறிஞ்சிக்கொண்டது" என்ற எளிய கதைக்குள் இந்த முடிவு அடங்காது.

அப்படியானால் வயலுக்கு வந்துகொண்டிருந்த ஆட்கள் எங்கே போனார்கள்? ஆண்கள் கட்டட வேலைக்கும், லாரிக்கும், பனியன் கம்பெனிக்கும், வளைகுடாவுக்கும் போனார்கள். இது 2006-க்கு முன்பே தொடங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனார்கள். ரேஷன் அரிசி பசிக்குப் பயந்து எந்தக் கூலிக்கும் இறங்கும் கட்டாயத்தைத் தளர்த்தியது. இவை யாவும் சமூகத்தின் பார்வையில் நல்லவை. நில உடைமையாளரின் கணக்கில் செலவு. டெல்டாவில் நெல் அறுவடை ஏறக்குறைய முழுவதும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் பெண்களுக்கு ஆண்டின் மிகப் பெரிய வருமானமாக இருந்த அறுப்புக் காலத்தில், இன்று வரப்பில் நின்று இயந்திரம் போவதைப் பார்ப்பது தவிர அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆண்கள் குழுவாக வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, உள்ளூர்ப் பெண்கள் நடும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதே மேற்கு வங்கத்தில் 2022 மார்ச் முதல், முறைகேடு நடந்ததாகக் கூறி, நூறு நாள் வேலைக்கான நிதியை ஒன்றிய அரசு நிறுத்தியிருந்தது. 2025 ஆகஸ்ட் முதல் திட்டத்தை மீண்டும் நடத்தும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அவர்கள் இங்கே வருவதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஓரிடத்தில் உள்ளூர் வேலை மூடப்பட்டால் அதன் அழுத்தம் ஆயிரம் கல் தள்ளியுள்ள நடவுக் கூலியிலும் வெளிப்படலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

விவசாயிகளின் குறையை நான் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம். பத்து ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவரின் குறை வேறு, இரண்டு ஏக்கர் மானாவாரியில் கடலை போட்டிருப்பவரின் குறை வேறு. பின்னவர் களை முளைத்த வாரத்திலேயே எடுத்தாக வேண்டும். தவறினால் விளைச்சல் போய்விடும். அவருடைய விளைபொருளின் விலை அவர் கையில் இல்லை. கூலி ஏறினால் அதை யாரிடமும் கைமாற்ற முடியாது. தாங்க முடியாமல் சவுக்கு போட்டவர்களும், தென்னை வைத்தவர்களும், நிலத்தைத் தரிசாக விட்டவர்களும் எல்லா மாவட்டங்களிலும் உண்டு. அந்த இரண்டு ஏக்கர்க்காரரின் மனைவியே பல ஊர்களில் நூறு நாள் வேலை அட்டை வைத்திருப்பவர் என்பது இதில் ஒரு வேடிக்கை. கூலி ஏறினால் குடும்பத்தின் ஒரு கை நட்டப்படுகிறது, மறு கை சம்பாதிக்கிறது. இவருக்கு உண்மையில் தேவைப்படுவது விலை உத்தரவாதமும் சிறு கருவிகளும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கூலியைக் கீழே பிடித்து வைப்பதன் மூலம் அந்த நட்டத்தை ஈடுசெய்யச் சொல்வது, ஓர் ஏழையின் சுமையை இன்னோர் ஏழையின் தலையில் ஏற்றுவதாகும்.

சோம்பேறித்தனம் என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்துப் பரப்புகிறவர்கள், அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் வயதையும் சேர்த்துக் கவனிக்கலாம். மாநிலம் தரும் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட்டில்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் ஆனது. அதில், 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு, ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய். 2007-இலிருந்து அது நகரவே இல்லை. அந்த உதவித்தொகையும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆகவே ஓய்வூதியம் செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியை, மண்வெட்டியும் கூடையும் கொடுத்து நூறு நாள் வேலை செய்துகொண்டிருக்கிறது. வெட்டிய மண்ணின் அளவை மட்டும் வைத்து அந்தப் பணித்தளத்தை மதிப்பிடுவது இதைப் பார்க்க மறுப்பதாகும். மோசடியே இல்லையா என்றால், இருக்கிறது. வராதவர் பெயரில் வருகை, இயந்திரத்தால் தோண்டிவிட்டு ஆட்கள் தோண்டியதாகக் கணக்கு ஆகியவை, ஊர் மக்களை வைத்தே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றுக்கு மருந்து தணிக்கைக்குப் பல் கொடுப்பது.

அதற்குப் பதிலாகக் கடந்த சில ஆண்டுகளில் சீர்திருத்தம் என்ற பெயரில் வந்தவை பெரும்பாலும் தொழிலாளியைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் செல்பேசிச் செயலியில் நாளுக்கு இருமுறை படத்துடன் வருகை பதிவது கட்டாயமானது. ஒரு வரத்து வாய்க்கால் பணித்தளத்தில் அது நடக்கும் விதத்தைப் பார்த்தால்தான் அதன் பொருள் புரியும். காலையில் வந்தவர்களைப் பணித்தளப் பொறுப்பாளர் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார். அவரும் அதே ஊர்ப் பெண்தான், கையில் இருப்பது அவருடைய சொந்த செல்பேசி. சிக்னல் கிடைக்காவிட்டால் கரைமேல் ஏறிக் கையை உயர்த்திக்கொண்டு நிற்பார். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் இடையே நான்கு மணி நேரம் கழிய வேண்டும் என்பதால், தமக்குரிய மண்ணை முற்பகலுக்குள் வெட்டி முடித்தவர்களும் வெயிலில் காத்திருக்க வேண்டும். முன்பு அளவு முடிந்ததும் வீட்டுக்குப் போய் மாட்டைப் பிடித்துக் கட்டியவர்கள் அவர்கள். இரண்டாவது படம் ஏறாவிட்டால், செய்த வேலை செய்யாத வேலை ஆகிவிடும் அபாயம் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியில் மட்டுமே கூலி என்ற விதியும் சேர்ந்துகொண்டது. இந்த மாற்றங்களுக்கான ஆயத்தங்கள் நடந்த 2022-23-இல் மட்டும் நாடு முழுவதும் 5 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன; முந்தைய ஆண்டில் அது சுமார் 1.5 கோடி. போலிப் பெயர்களும் அவற்றில் இருந்திருக்கும். ஒரே ஆண்டுக்குள் மூன்று மடங்குக்கு மேல் போலிகள் முளைத்திருக்க வாய்ப்பில்லை.

கூலியும் இதே காலத்தில் மெல்லத் தேய்ந்தது. 2016-17-இல் தமிழ்நாட்டில் 203 ரூபாயாக இருந்தது அடுத்த ஆண்டில் 205 ஆனது. ஆண்டு உயர்வு இரண்டு ரூபாய். 2025-26-இல் 336 ரூபாய். தொடக்கத்தில் இருந்த 80 ரூபாயோடு ஒப்பிட்டால் எண்ணில் நான்கு மடங்கைத் தாண்டிவிட்டதாகத் தெரிந்தாலும், வயல் கூலியும் விலைவாசியும் ஓடிய வேகத்துக்கு இது ஈடாகவில்லை. கேட்பவருக்கெல்லாம் வேலை என்பதும் பணத்தின் வழியாக இறுக்கப்பட்டது. 2023-24-இல் தமிழ்நாடு ஏறக்குறைய 40 கோடி மனித நாட்கள் (ஒருவர் ஒரு நாள் செய்வது ஒரு மனித நாள்) வேலை கொடுத்தது. 2024-25-க்கு ஒன்றிய அரசு முதலில் ஒப்புக்கொண்டது 20 கோடி. அந்த நிதியாண்டின் இறுதியில் 4,034 கோடி ரூபாய் பாக்கி என்று தமிழ்நாட்டில் போராட்டம் நடந்தது. வேலை செய்து மாதக்கணக்கில் கூலி வராத இடத்தை, வயல்காரரிடம் பேரம் பேசும்போது யாரும் துணையாகக் காட்ட முடியாது.

இங்கே எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். ஒன்றிய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை ஒரு கணக்கைக் காட்டியது: நாட்டின் ஏழைகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களைக் கொண்ட தமிழ்நாடு, திட்ட நிதியில் ஏறத்தாழ 15 சதவீதத்தைப் பெற்றது, ஏழைகளில் சுமார் 45 சதவீதத்தைக் கொண்ட உத்தரப் பிரதேசமும் பீகாரும் சேர்ந்து 17 சதவீதம்தான் பெற்றன. இது உண்மையான ஏற்றத்தாழ்வு. தமிழர்கள் என்பதற்காக நாம் அதை மழுப்பக் கூடாது. ஆனால் அதன் காரணம் என்ன? இந்தத் திட்டத்தில் பணம், கேட்டவரின் பின்னால் போக வேண்டும். கேட்பதைப் பதிவு செய்ய ஊராட்சிச் செயலர் வேண்டும், அளவெடுக்க மேற்பார்வையாளர் வேண்டும், அதிகாரியிடம் கேட்கத் துணியும் பெண்கள் குழு வேண்டும். இவை இருந்த இடத்துக்குப் பணம் வந்தது, இல்லாத இடத்துக்கு வரவில்லை. தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்தால் பீகாரின் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் ஆள் நியமனம் ஆகிவிடாது. மேலும், வறுமைக் கோட்டைத் தாண்டிய மாநிலத்திலும் வீட்டைவிட்டுத் தொலைவு போக முடியாத பெண்ணின் பேரம் பேசும் நிலை பலவீனமாகவே இருக்கலாம். கொங்குப் பகுதியில், அதாவது நாட்டிலேயே வேகமாகத் தொழில் வளர்ந்த வட்டாரம் ஒன்றில், கள ஆய்வு செய்த ஆய்வாளர்களும் தலித் பெண்களுக்கு இந்த வேலை கூலிப் பேரத்தில் கைகொடுத்ததையே பதிவு செய்தனர்.

இப்போது புதிய சட்டத்துக்கு வருகிறேன். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, பழைய சட்டத்தின் இடத்தைப் பிடிக்க வந்திருக்கும் "விபி-ஜி ராம் ஜி" (விக்சித் பாரத் ஊரக வேலை, வாழ்வாதார உத்தரவாத இயக்கம்) சட்டம், 100 நாட்களை 125 ஆக்குகிறது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய சட்டத்தின் கீழ் ஒரு குடும்பத்துக்கு நாடெங்கும் சராசரியாகக் கிடைத்ததே 50 நாட்கள் அளவுதான். எட்டாத கூரையை இன்னும் உயர்த்துவதால் உள்ளே இருப்பவருக்கு இடம் கூடாது. மாற்றத்தின் சாரம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று பணம். முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும், பொருட்செலவில் முக்கால் பங்கையும் ஒன்றிய அரசு ஏற்றது. இனிப் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60:40 பங்கீடு. அதோடு, ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிய அரசு மாநிலத்துக்கென்று ஒரு தொகையை வரையறுக்கும். அதைத் தாண்டிய செலவு முழுவதும் மாநிலத்தின் தலையில். இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தில் பழைய உதாரணம் உண்டு. வேலை உறுதிச் சட்டத்துக்கு இந்தியாவிலேயே முன்னோடி அந்த மாநிலம். வி.எஸ். பாகே 1965-இல் சாங்க்லி மாவட்டத்துத் தாஸ்காவ் பகுதியில் தொடங்கிய முயற்சி, 1972-73 பஞ்சத்தில் விரிந்து, 1977-இல் சட்டமாகி, 1979-இல் நடைமுறைக்கு வந்தது. 1988-இல் அங்கே குறைந்தபட்சக் கூலி இரட்டிப்பானபோது திட்டக் கூலியையும் இரட்டிப்பாக்க வேண்டி வந்தது. அரசு உரிமையை ரத்து செய்யவில்லை. புதிய பணிகளைத் திறப்பதைத்தான் குறைத்தது. ஏட்டில் உத்தரவாதம் அப்படியே இருந்தது, களத்தில் வேலை அளந்து அளந்து கொடுக்கப்பட்டது. பணம் கொடுப்பவருக்குக் கை கடிக்கும்போது வேலை கேட்டு மனுக் கொடுத்தால் அதை வாங்காமலே இருந்துவிடுவது எளிது. அப்படி முதலில் விடுபடுகிறவர்கள், ஊராட்சி அலுவலகத்திலிருந்து தள்ளியுள்ள காலனிகளிலும் குக்கிராமங்களிலும் இருப்பவர்கள். 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாக் காலப் படி கொடுக்க வேண்டும் என்று இருபது ஆண்டுகளாகச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதை வாங்கிய ஒருவரையாவது உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

இரண்டாவது, நீங்கள் கேட்ட 60 நாட்கள். முன்னால் சொன்ன ஆய்வு முடிவை இங்கே பொருத்திப் பாருங்கள்: மும்முரமான மாதங்களில் பொதுப்பணி ஏற்கெனவே குறைவாகத்தான் நடந்தது. எனவே நிறுத்தத்தால் வயலுக்குப் புதிதாக வந்து சேரும் ஆட்கள் சொற்பம். மாறுவது பேச்சுவார்த்தையின் நிலை. அந்த 60 நாட்களில் அவளுக்கு வேறு வேலை கிடையாது என்று சட்டமே முன்கூட்டி அறிவித்துவிட்டால், கூலி பேச வருகிற இருவருக்கும் அது தெரியும். நடவுக் கூலி ஆண்டில் சற்று ஏறுவதே அந்த வாரங்களில்தான்; அந்த ஏற்றத்தைத்தான் இது தடுக்கும். டெல்டாவில் நிலைமை இன்னும் விநோதமானது. சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்கள் அதிகார ஏட்டில் மும்முரமான பருவம். ஆனால் அறுப்பது இயந்திரம். வயலிலும் வேலை இல்லை, ஏரியிலும் வேலை இல்லை என்று இரண்டும் அடைபட்ட நிலை அங்கே பெண்களுக்கு ஏற்படும்.

மாநிலத்துக்கு இதில் கொஞ்சம் இடம் இருக்கிறது. எந்த 60 நாட்கள் என்பதை மாநிலம்தான் அறிவிக்க வேண்டும். மாவட்டம், வட்டாரம், ஊராட்சி என்று தனித்தனியாகவும் அறிவிக்கலாம். குறுவையும் சம்பாவும் தாளடியும் வரும் டெல்டாவுக்கும், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் இராமநாதபுரத்துக்கும், கிணற்றுப் பாசனத்தில் ஆண்டு முழுவதும் காய்கறி போடும் ஒட்டன்சத்திரத்துக்கும் ஒரே தேதியை அச்சடித்து அனுப்பினால், அது அலுவலகத்தின் வசதிக்காகச் செய்ததாகவே இருக்கும். சிறு, குறு விவசாயிகளின் சொந்த நிலத்தில் வரப்புக் கட்டவும் பண்ணைக் குட்டை வெட்டவும் பழைய சட்டத்திலேயே வழி இருந்தது. அதைத் தாராளமாகப் பயன்படுத்திய ஊராட்சிகளில் விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் இடையே இந்தப் பகை அவ்வளவு முற்றவில்லை. தனியார் வயலில் களையெடுக்க அரசே பாதிக் கூலி தரட்டும் என்ற கோரிக்கையை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். யார் வயலுக்கு எத்தனை ஆள் என்று தீர்மானிக்கும் அதிகாரம், ஊரில் ஏற்கெனவே செல்வாக்கு உள்ளவரிடமே போய்ச் சேரும். விலகிப் போக ஓர் இடம் என்று இருந்ததும் அதோடு போய்விடும்.

உங்கள் பகுதி விவசாயிகளோடு மீண்டும் பேச வாய்த்தால், பத்தாண்டுகளுக்கு முன் அவர்கள் வயலில் வேலை செய்த ஆண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். பிறகு நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேட்டை எடுத்து, அந்தப் பெயர்களில் எத்தனை அதில் இருக்கின்றன என்று பாருங்கள். அது இணையத்திலேயே ஊராட்சிவாரியாகக் கிடைக்கிறது.